பக்கத்தில் இருப்பவர்: செவிலியப் பணியில் ஆன்மிகப் பராமரிப்பின் இடம்

அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் நகைகளைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரத்தால் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவியைப் பயன்படுத்தும்போது, உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் வெந்துபோகலாம். உடம்பு வீங்கினால் மோதிரமும் வளையலும் இறுக்கும். காரணம் தெளிவானது, யாரும் மறுப்பதில்லை. காதில் கிடப்பதும் மூக்கில் கிடப்பதும் எளிதாக வந்துவிடும். தாலிச் சங்கிலிக்கு வரும்போதுதான் கை தயங்கும். "இதைக் கழட்டுனா அவருக்கு ஏதாச்சும் ஆயிடுமா சிஸ்டர்?" என்று கேட்காத பெண்ணைத் தமிழ்நாட்டுத் தியேட்டர் வாசலில் பார்ப்பது அரிது.

அந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். "ரூல்ஸ்மா, கழட்டுங்க" என்பது ஒன்று. "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்பது இன்னொன்று. மூன்றாவது வகைச் செவிலியர் ஒரு நிமிடம் நிற்பார். மாமியாரையோ அம்மாவையோ கூப்பிட்டு அவர் கையால் கழற்றச் சொல்வார். சங்கிலியை மட்டும் வாங்கிக்கொண்டு, உலோகம் இல்லாத மஞ்சள் கயிறு கழுத்தில் இருக்கலாமா என்று மயக்க மருத்துவரைக் கேட்டு வருவார். மூவரும் விதியைக் காப்பாற்றுகிறார்கள். மூன்றாமவர் விதியோடு அந்தப் பெண்ணின் அச்சத்தையும் பார்க்கிறார். செவிலியப் பாடநூல்கள் ஆன்மிகப் பராமரிப்பு என்று பெயரிட்டுப் பல பக்கங்கள் விளக்குவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

அந்த நிமிடம் செவிலியரின் கடமையா, தனிப்பட்ட நல்ல குணமா? கடமை என்றால் அதைக் கற்றுத்தர முடியுமா? அளக்க முடியுமா? அதற்கு எல்லை எது? கடந்த அரை நூற்றாண்டாகச் செவிலியத் துறை இந்தக் கேள்விகளோடு போராடி வருகிறது. கிடைத்த பதில்கள் சில உறுதியானவை, சில அரைகுறையானவை. அவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

தமிழில் ஆன்மிகம் என்றதும் கோயில், பூசை, சொற்பொழிவு, காவி உடை என்று ஒரு வரிசை மனத்தில் வந்துவிடுகிறது. செவிலியத் துறை இச்சொல்லை இன்னும் அகலமாகப் பயன்படுத்துகிறது. ஒரு மனிதர் தன் வாழ்வுக்கு என்ன பொருள் என்று கருதுகிறார், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், யாரோடு எதனோடு தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அதில் அடங்கும். பலருக்கு அந்தப் பிடிப்பு கடவுள். சிலருக்குப் பிள்ளைகள். சிலருக்கு நிலம், சிலருக்குக் கட்சி, சிலருக்குத் தாங்கள் நடத்திய ஒரு சிறு பள்ளிக்கூடம்.

வாழ்நாள் முழுதும் கறுப்புச் சட்டை போட்ட பெரியார் தொண்டர் ஒருவர் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் திருநீறு வேண்டாம். ஆனால் தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க எழுதி வைத்ததைப் பிள்ளைகள் நிறைவேற்றுவார்களா, தன் சாவுக்குச் சடங்கு வைத்துவிடுவார்களா என்ற கவலை அவரைத் தூங்கவிடாது. அந்தக் கவலையும் இந்தத் தலைப்பின் கீழ்தான் வருகிறது. ஆகவே சமயப் பராமரிப்பு என்பது ஆன்மிகப் பராமரிப்பின் ஒரு பகுதி மட்டுமே. மனநல ஆலோசனை இதற்குப் பக்கத்து வீடு. சுவர் ஒன்றுதான், வாசல் வேறு. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. "நான் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்விக்கு மாத்திரை இல்லை.

சொல் இவ்வளவு அகலமாக விரிந்ததே குற்றம் என்போரும் உண்டு. எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல் எதையும் சுட்டாது என்று பிரிட்டனின் செவிலியத் தத்துவ அறிஞர் ஜான் பேலி தொடர்ந்து வாதிட்டார். சமயப் பிடிப்பு தளர்ந்த நாடுகளில் செவிலியத் துறை தனக்கென ஒரு தனிப் புலத்தை உரிமை கொண்டாடவே இந்தச் சொல்லை ஊதிப் பெருக்கியது என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சொல் தெளிவாக இல்லை என்பதால் நோயாளியின் கேள்வி இல்லாமல் போய்விடாது.

நான்கில் ஒருவர்

ஆன்மிகப் பராமரிப்பு என்ற கருத்து மேற்கிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்து முடிகிறது: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து செய்பவருக்கு வள்ளுவர் மருத்துவருக்கு இணையாக ஓர் இடம் ஒதுக்குகிறார். சரக சங்கிதையும் இதே நான்கு தூண்களைச் சொல்கிறது. பணிவிடை செய்பவருக்கு அது கேட்கும் தகுதிகள் நான்கு: பணிவிடை அறிவு, கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. அன்பு அங்கே திறமைகளோடு சேர்த்து எண்ணப்பட்டிருக்கிறது. இருந்தால் நல்லது என்ற கூடுதல் குணமாக அல்ல.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில் அங்கே நடந்த ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. வேதப் பள்ளி, மாணவர் விடுதி, மருத்துவமனை மூன்றும் ஒரே வளாகத்தில், கோயிலின் நிழலில் இருந்தன. நோய் தீர்க்கும் இடமும் வழிபடும் இடமும் அன்று பிரிந்திருக்கவில்லை.

ஐரோப்பாவிலும் கதை இதேதான். துறவு மடங்களின் கன்னியரே நோயாளிகளைப் பார்த்தார்கள். நம் வார்டுகளில் இந்துவும் முஸ்லிமும் செவிலியரை "சிஸ்டர்" என்று கூப்பிடுவது அந்த வரலாற்றின் மிச்சம். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பாதிரியார் தியடோர் ஃபிலீட்னர் 1836 இல் தொடங்கிய திருப்பணிப் பெண்கள் இல்லத்தில்தான் 1851 இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். கடவுள் தன்னைப் பணிக்கு அழைத்ததாக 16 வயதில் நம்பியவர் அவர்.

ஆனால் நைட்டிங்கேலிடமிருந்து கற்க வேண்டிய பாடம் அவருடைய பக்தியில் மட்டும் இல்லை. 1854 இல் கிரிமியப் போருக்கு அவர் அழைத்துச் சென்ற 38 பெண்களில் 24 பேர் கத்தோலிக்க, ஆங்கிலிக்கச் சமயக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். காயம்பட்ட சிப்பாய்களைச் சிலர் தம் சபைக்கு இழுக்கப் பார்க்கிறார்கள் என்ற புகார் அங்கேயே வெடித்தது. 1860 இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தன் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அது எந்தச் சபைக்கும் உரியதாக இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பணியை இறைவனின் அழைப்பாகக் கருதலாம், நோயாளியின் படுக்கையை மேடையாக்கக் கூடாது என்ற எல்லைக்கோடு நவீனச் செவிலியம் பிறந்தபோதே போடப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டுக்கு நவீனச் செவிலியம் பெரும்பாலும் மிஷன் மருத்துவமனைகள் வழியாகவே வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900 இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில் 1909 இல் செவிலியர் பயிற்சி ஆரம்பமானது. 1946 இல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது. மிஷன் மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்தித்துப் பேசுவதற்கென்றே போதகர்கள் இருப்பது வழக்கம். அரசு மருத்துவமனைகளுக்கு அந்த ஏற்பாடு வரவில்லை. அங்கே வளாகத்துப் பிள்ளையார் கோயிலும், உறவினர் கொண்டுவரும் திருநீறும், நாகூர்க் கயிறும், வேளாங்கண்ணி எண்ணெயும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

தேவை என்பதிலிருந்து நோயறிதல் வரை

20ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவமனை கருவிகளின் இடமாக மாறியது. செவிலியம் பல்கலைக்கழகப் படிப்பாக வளர்ந்தது. சமயச் சுவடுகளை உதறிவிட்டு அறிவியல் துறையாக நிற்க வேண்டிய நெருக்கடி அதற்கு இருந்தது. ஆனாலும் ஆன்மிகத் தேவை பட்டியலிலிருந்து விழவில்லை. வர்ஜீனியா ஹெண்டர்சன் மனிதருக்கு 14 அடிப்படைத் தேவைகள் உண்டு என்றார். மூச்சு விடுதல், உண்ணுதல், கழித்தல், உறங்குதல் ஆகியவற்றோடு தம் நம்பிக்கைப்படி வழிபடுதலும் அதில் ஒன்று. ஜாய்ஸ் டிராவல்பீ 1966 இல் வெளியிட்ட நூலில் ஒரு படி மேலே போனார்: நோயிலும் துன்பத்திலும் ஒரு பொருளைக் கண்டுகொள்ள நோயாளிக்கு உதவுவதே செவிலியப் பணி. நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் சிந்தனைத் தாக்கம் அதில் தெரிந்தது.

அமெரிக்கச் செவிலியர்களின் நோயறிதல் பட்டியலில் 1978 இல் 'ஆன்மிகத் துயரம்' இடம்பெற்றது. இது சிறிய செய்தி போலத் தோன்றும். பட்டியலில் ஏறிய எதையும் செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதலாம். எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கலாம், திட்டமிடலாம், பலன் கிடைத்ததா என்று பார்க்கலாம். எழுத இடமில்லாத துன்பம் மருத்துவமனையில் இல்லாத துன்பமாகவே ஆகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய திருப்பம் லண்டனில் நடந்தது. சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், முதுகு வலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், பின் 1957 இல் மருத்துவர். போலந்திலிருந்து வந்த யூத அகதி டேவிட் டாஸ்மா என்ற நோயாளியோடு 1948 இல் சாவைப் பற்றி அவர் பேசிய பேச்சுகள் அவர் வாழ்வைத் திருப்பின. தான் இறக்கும்போது டாஸ்மா 500 பவுண்டு விட்டுச்சென்றார், சாகும் தறுவாயில் உள்ளோருக்காகச் சாண்டர்ஸ் ஒருநாள் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு சன்னலாகத் தான் இருக்க. அந்த இல்லம், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், 1967 இல் திறந்தது. உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்து வலிப்பதை 'முழு வலி' என்று 1960களில் அவர் பெயரிட்டார். மார்ஃபின் ஒரு பங்கைத் தணிக்கும். மிச்சத்துக்கு ஆள் வேண்டும்.

பேலியேட்டிவ் கேர் என்று வார்டுகளில் சொல்லும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு இந்தக் கருத்தின் மேல்தான் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2002 இல் அதற்குத் தந்த வரையறை உடல், உளச்சமூகத் துன்பங்களோடு ஆன்மிகத் துன்பத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதே நிறுவனம் 1948 இல் உடல்நலத்துக்குத் தந்த பொது வரையறையில் உடல், மனம், சமூகம் மூன்றே உண்டு. நான்காவதைச் சேர்க்கும் யோசனை 1990களின் இறுதியில் வந்தும் நிறைவேறவில்லை. சாகப்போகிறவருக்கு ஆன்மிகத் தேவை உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கால் முறிந்து படுத்திருப்பவருக்கும், டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை வருபவருக்கும், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன தாய்க்கும் அது உண்டு என்று எழுதிக்கொள்ளத் தயங்குகிறது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

தீவிர நோயாளிகள் 340 பேரோடு அவர்களுடைய குடும்பத்தார், மருத்துவர்கள், பிற பணியாளர்களையும் கேரன் ஸ்டைன்ஹௌசரும் உடனாளர்களும் அமெரிக்காவில் கேட்டார்கள்: வாழ்வின் இறுதியில் எது முக்கியம்? 2000 இல் வந்த முடிவில், நோயாளிகள் வலி இல்லாதிருப்பதற்கு அடுத்தபடியாக, ஏறக்குறைய அதே மதிப்போடு, கடவுளோடு சமாதானமாக இருப்பதை வைத்திருந்தார்கள். டிரேசி பால்போனியின் குழு 2007 இல் வெளியிட்ட ஆய்வில் முற்றிய புற்றுநோயாளிகள் 230 பேர் கலந்துகொண்டனர். தம் ஆன்மிகத் தேவையை மருத்துவத் துறை சிறிதளவே பார்த்தது அல்லது பார்க்கவே இல்லை என்று சொன்னவர்கள் 72 விழுக்காடு.

நம்பிக்கை எப்போதும் ஆறுதல் தரும் என்றும் எண்ணக் கூடாது. கென்னத் பார்கமென்ட்டின் குழு, மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001 இல் முடிவை வெளியிட்டது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரோ, தன்மேல் அன்பு இல்லையோ என்று உள்ளுக்குள் போராடியவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 19 முதல் 28 விழுக்காடு வரை கூடியிருந்தது. நம் வார்டுகளில் இதன் குரல் பழக்கமானது: "என்ன பாவம் பண்ணேன்னு இந்த வேதனை?" கர்ம வினை என்ற நம்பிக்கை ஒருவருக்கு ஏற்றுக்கொள்ளும் பக்குவத்தைத் தரும். இன்னொருவருக்கு நோயின்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவைக்கும். இருவரும் சொல்வது ஒரே சொல், "தலையெழுத்து". எந்தத் தொனியில் சொன்னார் என்பது பக்கத்தில் இருந்து கேட்டவருக்குத்தான் தெரியும்.

பிரார்த்தனை மருந்தைப் போல வேலை செய்யுமா என்றும் பார்த்துவிட்டார்கள். ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஆறு அமெரிக்க மருத்துவமனைகளில், இதய ரத்தக்குழாய் மாற்று அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வு 2006 இல் வெளிவந்தது. அறிமுகம் இல்லாதோர் செய்த பிரார்த்தனையால் பலன் எதுவும் தெரியவில்லை. தனக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாக அறிந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் வந்தன. நடக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களில் பிரார்த்தனை பெற்றோருக்கு 52, பெறாதோருக்கு 51. ஆன்மிகப் பராமரிப்பை ஒரு சிகிச்சை முறை என்று விற்க நினைப்போர் இந்த எண்களைப் படிக்க வேண்டும். அது உயிரை நீட்டும் என்பதற்காகச் செய்வதல்ல. வலி குறைந்தால் ஆயுள் கூடுமா என்று கணக்குப் பார்த்தா வலி மருந்து கொடுக்கிறோம்? துன்பம் இருக்கிறது, அதைத் தணிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செவிலியர்கள் தரப்பு என்ன? பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 2010 இல் நடத்திய கணிப்பில் 4,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பதிலளித்தார்கள். இது செவிலியத்தின் அடிப்படைப் பகுதி என்று மிகப் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டார்கள். நோயாளியின் ஆன்மிகத் தேவையை எப்போதும் நிறைவேற்ற முடிகிறது என்றவர்களோ நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. பாஸ்டன் மருத்துவமனைகளில் பால்போனி குழு செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு இடையில் நிற்கும் தடையை அடையாளம் காட்டியது. விருப்பம் இருந்தது, பயிற்சி இல்லை.

கேட்பது எப்படி

பயிற்சி என்றால் சமயப் பாடம் என்று பொருள் இல்லை. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி 1996 இல் அமைத்த 'ஃபைக்கா' என்னும் வினாமுறையில் நான்கே படிகள்: உங்களுக்குப் பிடிப்பு தருவது எது? அது உங்கள் வாழ்வில் எவ்வளவு முக்கியம்? அதில் உங்களோடு சேர்ந்திருப்பவர்கள் யார்? உங்களைக் கவனிக்கும்போது நாங்கள் இதை எப்படி மனத்தில் கொள்ள வேண்டும்? கௌரி ஆனந்தராஜாவும் எலன் ஹைட்டும் 2001 இல் தந்த 'ஹோப்' முறை, நம்பிக்கையும் ஆறுதலும் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதில் தொடங்கும்.

இந்தக் கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்து நம் வார்டில் கேட்டால், வருமான வரி அதிகாரி வந்ததுபோல் நோயாளி விழிப்பார். தமிழில் இதற்கு எளிய வழி எப்போதும் இருக்கிறது. "மனசுக்குக் கஷ்டமா இருந்தா யாரை நினைச்சுக்குவீங்கம்மா?" என்றால் போதும். முருகன் என்பார், அந்தோணியார் என்பார், செத்துப்போன அம்மா என்பார், "யாரை நினைக்கிறது, நானேதான்" என்றும் சொல்வார். நான்கும் பதில்தான், நான்கையும் குறித்துக்கொள்ளலாம்.

பாவம் பண்ணினேனா என்று கேட்கிறவரிடம் "அப்படியெல்லாம் பேசக் கூடாது, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வது நம் ஊரின் இயல்பான அன்பு. ஆனால் அது கதவைச் சாத்திவிடுகிறது. "ஏம்மா அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு, வென்ஃப்ளான் ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது கதவைத் திறந்து வைக்கும். பதில் தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கத் துணிவு வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி இந்தத் துணிவுக்கானது.

மிச்சம் நடைமுறை அறிவு. ரமலான் நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளியிடம் "முடியாது" என்று முடிக்காமல், மருந்து நேரத்தை மாற்ற வழியுண்டா என்று மருத்துவரிடம் பேசுவது. இறக்கும் தறுவாயில் இருக்கும் முஸ்லிமின் படுக்கையைத் தொழுகைத் திசையான கிப்லா நோக்கித் திருப்ப முடியுமா என்று பார்ப்பது. கத்தோலிக்கருக்கு நோயில் பூசுதல் என்ற அருட்சாதனம் உண்டு என்பதை அறிந்து, நினைவு தப்பும் முன்பே குடும்பத்திடம் கேட்டு அருட்தந்தைக்குச் சொல்லி அனுப்புவது. வைணவக் குடும்பம் கொண்டுவந்த துளசித் தீர்த்தத்தை, விழுங்க முடியாதவரின் தொண்டையில் ஊற்றாமல் உதட்டில் நனைக்கச் சொல்லித் தருவது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்" என்று உறவினர் சொல்லும்போது அதைத் தோல்வியாக நினைக்காமல், வலி மருந்தை எப்படிக் கொடுப்பது என்று எழுதிக்கொடுத்து அனுப்புவது. இவற்றில் எதற்கும் செவிலியர் அந்தச் சமயத்தவராக இருக்க வேண்டியதில்லை.

எல்லைக்கோடு

இங்கிலாந்தில் சமூகச் செவிலியர் ஒருவர் 2008 இல் முதிய நோயாளியிடம், உங்களுக்காகப் பிரார்த்தனை செய்யட்டுமா என்று கேட்டார். நோயாளி வேண்டாம் என்றார், செவிலியரும் விட்டுவிட்டார். விஷயம் மேலே போய் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நாடு முழுதும் விவாதம் எழுந்து, 2009 தொடக்கத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார். 2016 இல் இன்னொரு செவிலியர், அறுவைக்கு முன் நோயாளிகளிடம் தன் சமயத்தைப் பற்றிப் பேச்செடுத்ததற்காகவும், வேண்டாம் என்று எச்சரித்த பின்னும் தொடர்ந்ததற்காகவும் வேலை இழந்தார். 2019 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த நீக்கம் சரியே என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியும். பேச்சைத் தொடங்கியவர் யார், யாருடைய தேவைக்காகப் பேசினார், வேண்டாம் என்றபின் நிறுத்தினாரா என்பவைதான் அளவுகோல்.

இந்தக் கண்டிப்பு ஏன்? படுக்கையில் இருப்பவர் எழுந்து போக முடியாது. ஊசியும் பெட்பேனும் செவிலியர் கையில். நிற்பவர் கேட்கும் கேள்விக்குப் படுத்திருப்பவர் மனம்விட்டு மறுப்புச் சொல்வது கடினம். மதமாற்றம் என்ற சொல்லுக்கே அனல் பறக்கும் நம் நாட்டில் இந்தக் கவனம் இரு மடங்கு வேண்டும். அது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய எச்சரிக்கையும் அல்ல. கிறிஸ்தவச் செவிலியர் துண்டுப் பிரசுரம் கொடுப்பது எவ்வளவு தவறோ, கேட்காத முஸ்லிம் நோயாளியின் நெற்றியில் இந்துச் செவிலியர் அன்பாகத் திருநீறு இடுவதும், பகுத்தறிவுச் செவிலியர் நோயாளியின் தாயத்தைக் கிண்டல் செய்வதும் அவ்வளவே தவறு.

இன்னோர் எல்லையும் உண்டு. எல்லாச் செவிலியரும் எல்லா நோயாளிக்கும் ஆன்மத் துணையாக முடியும் என்பது ஆசை மட்டுமே என்று பிரிட்டன் சமூகவியலாளர் டோனி வால்டர் 2002 இல் எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2016 முதல் 2019 வரை நடத்திய 'எபிக்' திட்டம் செவிலிய மாணவருக்கு வகுத்த நான்கு திறன்கள் இந்த நியாயத்துக்கு இடம் கொடுக்கின்றன: தன் நம்பிக்கைகளை அறிதல், நோயாளியின் நம்பிக்கைகளை மதித்துப் பழகுதல், தேவையைக் கணித்துத் திட்டமிடல், செய்ததை மதிப்பிடல். எல்லாக் கேள்விக்கும் தானே விடை தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. கவனிப்பது செவிலியர் வேலை. அதற்கு மேல் வேண்டியதற்குக் குருக்களையோ இமாமையோ போதகரையோ உளவியலாளரையோ, நோயாளி கேட்டால் கட்சித் தோழரையோ அழைப்பதும் அதே வேலையின் பகுதி.

நம் வாசலில்

இந்தியாவில் இந்தப் பாடத்தை அதிகம் கற்றுத்தந்தது கேரளம். கோழிக்கோட்டில் 1993 இல் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், பின்னர் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வலைப்பின்னலாக விரிந்தது. 2008 இல் அம்மாநிலம் நோய்த்தணிப்புக்கு என்றே கொள்கை வகுத்தது. ஊராட்சிகளின் சமூகச் செவிலியர் வீடு தேடிப் போகிறார். மருத்துவமனையில் நோயாளி விருந்தாளி. வீட்டில் செவிலியர்தான் விருந்தாளி. சாமி படத்துக்குக் கீழே, பேரக் குழந்தைக்குப் பக்கத்தில் படுத்திருப்பவரின் பிடிப்பு எது என்று வினாத்தாள் இல்லாமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நோய்த்தணிப்பு சேவையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாய் பார்ப்பது, படுக்கைப்புண் கழுவுவது என்று வேலைகள் எண்ணப்படுகின்றன. புண்ணைக் கழுவும் இருபது நிமிடத்தில் கேட்ட பேச்சு எண்ணப்படுவதில்லை. பெரும்பாலான நாள் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒரே காது அந்தச் செவிலியருடையதுதான்.

கேட்கும் காதுக்கும் பாரம் உண்டு. கொரோனா காலத்தில் உறவினரை உள்ளே விட முடியாதபோது, கவச உடைக்குள் வியர்த்தபடி செல்போனைப் பிடித்து, சாகிறவருக்குப் பிள்ளையின் முகத்தைக் காட்டியவர்கள் செவிலியர்கள்தான். மறுநாள் அதே வார்டுக்கு அவர்கள் டியூட்டிக்கு வந்தார்கள். அவர்களிடம் யார் பேசினார்கள்? நோயாளியின் ஆன்மிகத் தேவையைப் பற்றிச் சொல்லும் எந்தத் திட்டமும் செவிலியரின் தேவையை விட்டுவிட்டால் ஒரு காலில் நிற்கும்.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், "எது உங்களுக்கு ஆறுதல் தரும்?" என்று ஒரு வரி இருக்கலாம். செவிலியப் பாடத்தில் 'முழுமையான பராமரிப்பு' என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில், படுக்கையருகே உட்கார்ந்து பேசியதை ஆசிரியரோடு அலசும் பயிற்சி வைக்கலாம். அரசு மருத்துவமனையில் எல்லாச் சமயத்தவரையும் சமயம் இல்லாதவரையும் அழைக்க ஒரு தொலைபேசிப் பட்டியல் வைக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நோயாளிக்கு முதல் நாளே தெரிவிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. நைட் டியூட்டியில் ஒரே செவிலியர் முப்பது, நாற்பது படுக்கைகளைப் பார்க்கும் வார்டில் அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வரும்? அங்கே ஆன்மிகப் பராமரிப்பு வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவரை இன்னும் ஓடச் சொல்வது. செவிலியத்தில் அதன் இடம் எது என்று கேட்டால் இதுவே பதில்: அது சமயத் தொண்டு அல்ல, நல்லவர்கள் விரும்பினால் செய்யும் தானமும் அல்ல. பயிற்சியும் எல்லையும் உள்ள ஒரு திறன். ஆள் கணக்கில் நேரம் ஒதுக்கினால் மட்டுமே அது நடக்கும். திருமுக்கூடல் கல்வெட்டு நோயாளியின் ஆன்மாவைப் பற்றி உபதேசம் எதையும் செய்யவில்லை. ஆட்களை எண்ணி வைத்திருக்கிறது. மருந்து காய்ச்சிக் கொடுத்துப் பணிவிடை செய்ய அங்கே அமர்த்திய பெண்கள் இரண்டு பேர். படுக்கைகள் பதினைந்து.